கடைசி நாளில் யாரைத் தேடுகிறோம்?

வாரத் தியானம்
வேதபகுதி: அப்போஸ்தலர் 21:1-6





பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை வருகிறது. நம் சபைக் குடும்பங்களில் சில இவ்வாண்டும் சிங்கப்பூருக்குப் புறப்பட ஆயத்தமாகின்றன. ஒரு தலைமுறைக்கு முன் பவானியில் எளிதாக நினைத்துப் பார்க்க முடியாத பயணம் இது. இன்றோ, காரில் இரண்டு மணி நேரம் சென்றால் கோவை விமான நிலையம். அங்கிருந்து நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குள் வேறொரு நாட்டின் மண்ணில் இறங்கிவிடுகிறோம்.

புறப்படுகிறவர்கள் ஜெபத்துக்காக வரும்போது தங்கள் பயண நிரலையும் காட்டுகிறார்கள். முதல் நாள் மரினா விரிகுடாவும் அதை அடுத்த பூங்காக்களும். இரண்டாம் நாள் செந்தோசாத் தீவு. மூன்றாம் நாள் மண்டாயில் உள்ள விலங்குகளும் பறவைகளும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு திட்டம் உண்டு. கடைசி நாளுக்கு நேராக மட்டும் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கும்: "ஷாப்பிங்".

அந்த ஒரு சொல்லைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நாம் விருந்தாளிகளாகத் தங்கியிருந்த ஒரு நகரத்தை விட்டுப் புறப்படும் கடைசி நாளின் ஒரு பகுதி, அங்கே உழைத்து வாழும் நம் ஊர் மனிதர் ஒருவருக்கு உரியது. அதைப் பொருள்களுக்கு மட்டுமே கொடுத்துவிட்டுத் திரும்புவது நமக்குத் தகாது.

பெட்டியின் எடையும் நாளின் எடையும்

கடைசி நாள் எப்படிக் கழிகிறது என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். நண்பகலுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். விமானமோ மாலையில் அல்லது இரவில். பெட்டிகளை விடுதியின் வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டால், தங்க இடமில்லாத ஆறேழு மணி நேரம் கையில் நிற்கிறது. பிள்ளைகள் களைத்திருப்பார்கள். பெரியவர்களின் மனம் பாதி ஊருக்குத் திரும்பியிருக்கும்.

அப்போது கால்கள் தாமாகவே செரங்கூன் சாலைப் பக்கம் நடக்கின்றன. அங்கே சையது ஆல்வி சாலையில் இருக்கிறது முஸ்தபா அங்காடி. 1971-ஆம் ஆண்டில் ஒரு சிறிய துணிக்கடையாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில் இன்று கிடைக்காத பொருள் இல்லை என்றே சொல்லலாம். கோடாலித் தைலம், மீசைக்காரத் தைலம், சாக்லேட், வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், பெரியம்மாவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டாருக்கு ஒன்று என்று கூடை நிரம்புகிறது. பிறகு பெட்டியைத் திறந்து அடுக்குகிறோம். தூக்கிப் பார்க்கிறோம். மறுபடியும் பிரித்து அடுக்குகிறோம். நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட தைலத்தைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்று ஒருவர் நினைவூட்ட, மூன்றாம் முறையும் பெட்டி திறக்கப்படுகிறது. கடைசியில் சாங்கி விமான நிலையத்துக்கு ஓடி, அங்கே 2019-இல் திறக்கப்பட்ட ஜுவல் வளாகத்தின் நாற்பது மீட்டர் உயர நீர்வீழ்ச்சிக்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம்.

இதில் பாவம் ஒன்றும் இல்லை. வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்து ஒரு பொருள் வாங்கி வருவதும் அன்பின் செயல்தான். பாட்டி கேட்ட தைலத்தை மறக்காமல் வாங்கி வரும் பேரனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும், பெட்டியின் எடையை இத்தனை முறை தூக்கிப் பார்த்த நாம், அந்த நாளின் எடையை ஒரு முறையேனும் தூக்கிப் பார்த்தோமா?

தீருப் பட்டணத்தில் சரக்கு இறங்கியபோது

இவ்வார வேதபகுதியில் ஒரு கப்பலும் ஒரு துறைமுகமும் வருகின்றன. அப்போஸ்தலனாகிய பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில் இருக்கிறார். எருசலேமில் தமக்குக் கட்டுகளும் உபத்திரவங்களும் காத்திருப்பதை அவர் அறிவார். அவர் ஏறிய கப்பல் சீரியா தேசத்துக் கரையில் தீருப் பட்டணத்தைச் சேர்கிறது. கப்பல் அங்கே தன் சரக்கை இறக்க வேண்டும். பயணிகளுக்கு அது காத்திருக்கும் காலம். நம்முடைய கடைசி நாளைப்போல, எதற்கும் உரியதல்லாத இடைவெளி.

அந்த இடைவெளியில் பவுலும் அவரோடு இருந்தவர்களும் சீஷர்களைக் கண்டுபிடித்து அவர்களோடு ஏழு நாள் தங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். "கண்டுபிடித்து" என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல், தேடி அலைந்து கண்டடைவதைக் குறிப்பது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் லூக்கா எழுதியவை. ஒன்று இந்தத் தீருப் பட்டணம். மற்றது பெத்லகேமில் மேய்ப்பர்கள் தீவிரமாய்ச் சென்று முன்னணையில் கிடத்தியிருந்த பிள்ளையைக் கண்ட இடம், லூக்கா இரண்டாம் அதிகாரம் 16-ஆம் வசனம். மேய்ப்பர்கள் பாலகனைத் தேடிய அதே முயற்சியோடு, பெரியதொரு துறைமுக நகரத்தின் தெருக்களில் பவுல் சகோதரரைத் தேடினார். யாரும் அவரை எதிர்கொண்டு அழைக்க வந்ததாக எழுதியிருக்கவில்லை. முகவரி தெரிந்திருந்ததாகவும் எழுதியிருக்கவில்லை. கப்பலிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் மனிதரைத் தேடினார்கள்.

பிறகு வருகிறது அந்தக் கடைசி நாள். புறப்படும் வேளையில் தீருப் பட்டணத்துச் சபையார் எல்லாரும் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் பட்டணத்துக்குப் புறம்பே வந்து வழியனுப்புகிறார்கள். கடற்கரையில் முழங்காற்படியிட்டு எல்லாரும் ஜெபம்பண்ணுகிறார்கள். ஒருவரிடத்தில் ஒருவர் விடைபெற்றுக்கொண்டபின் பயணிகள் கப்பல் ஏறுகிறார்கள். மற்றவர்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிப் போகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஏழு நாட்களுக்கு முன் பவுலின் முகத்தைக் கண்டிருக்க வாய்ப்பு குறைவு. ஒரே வாரத்தில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரை வரை வந்து வழியனுப்பும் உறவு உண்டாகிவிட்டது.

பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்பதை லூக்கா விடாமல் எழுதியிருக்கிறார். அதற்குப் பின்னர் திரும்பி வருகிறேன்; நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளுக்கு வேதம் கொடுக்கும் இடம்

யோவான் சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் கூடாரப்பண்டிகையைக் காண்கிறோம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் எருசலேம் நகரத்துக்கு வந்து, பல நாட்கள் தங்கி, ஊர் திரும்பும் காலம் அது. அப்பண்டிகையின் கடைசி நாளையே யோவான் பிரதான நாள் என்று அழைக்கிறார் (7:37). மூட்டை கட்டும் எண்ணம் எல்லாருக்கும் வந்திருக்கக்கூடிய அந்த நாளில்தான் ஆண்டவர் எழுந்து நின்று, தாகமுள்ளவர்களைத் தம்மிடத்தில் வரும்படி சத்தமிட்டு அழைத்தார். ஊருக்குத் திரும்புமுன் அவர்கள் காதில் விழ வேண்டிய வார்த்தை அதுவாக இருந்தது.

வேறொரு பண்டிகை முடிவையும் நாம் அறிவோம். பன்னிரண்டு வயதான இயேசுவோடு யோசேப்பும் மரியாளும் பஸ்காவுக்கு எருசலேம் சென்றார்கள். பண்டிகை நாட்கள் முடிந்து ஊர் திரும்பும்போது, பிள்ளை பயணக்காரரின் கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்து ஒரு நாள் பயணத் தூரம் வந்துவிட்டார்கள் (லூக்கா 2:43-44). பெற்றோரின் அன்பில் குறைவு ஒன்றும் இல்லை. "யாராவது ஒருவரோடு இருப்பான்" என்ற எண்ணமே ஒரு நாள் வழியைத் தாண்டச் செய்தது. ஊர் திரும்பும் அவசரத்தில் எந்த நல்ல குடும்பத்துக்கும் வரக்கூடிய எண்ணம் அது. நமக்கும் அது எப்படி வருகிறது என்பதை இனிச் சொல்கிறேன்.

செரங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. விமான நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் தமிழ் எழுத்தைக் காணும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. அந்த நகரத்தின் அடுக்குமாடிகளையும் சுரங்க இரயில் பாதைகளையும் கப்பல் தளங்களையும் எழுப்பிய கைகளில் தமிழ்நாட்டுக் கைகளும் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து மிகுதியாகவும், நம் பக்கத்திலிருந்து சிலரும் அங்கே வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கிச் சென்றவர்கள் பலர். நகரத்தின் ஓரங்களில் உள்ள தொழிலாளர் விடுதிகளில் ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். சரக்கு வண்டியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைத்தளத்துக்குப் போகிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் சென்றவர்கள் மனைவி பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று குடியமர்த்த அந்நாட்டு விதி இடம் கொடுப்பதில்லை.

வாரத்தில் ஒரு நாள் இவர்களுக்கு ஓய்வு. அநேகருக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல் தேக்கா சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களும் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளிகளும் இவர்களால் நிரம்புகின்றன. ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். முடி திருத்திக்கொள்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கண்டு பேசுகிறார்கள். கைபேசியில் வீட்டாரின் முகத்தைப் பார்க்கிறார்கள். மாலையானதும் பேருந்தில் விடுதிக்குத் திரும்புகிறார்கள்.

2013 டிசம்பர் 8-ஆம் தேதி, அப்படியொரு ஞாயிறு இரவில், விடுதிக்குத் திரும்பும் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து அங்கே பெரும் கலவரம் மூண்டது. உலகச் செய்திகளில் அத்தெருவின் பெயர் அடிபட்டது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது அந்நாட்டில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்த விடுதிகளில் இருந்தவர்களே. மாதக்கணக்கில் அவர்கள் விடுதிகளை விட்டு வெளியே வர முடியாமல் அடைபட்டிருந்தார்கள். இவ்விரண்டு வேளைகளிலும் தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்து நாம் வருந்தினோம். இப்போது அதே தெருவில், கையில் பையோடு, அவர்களைக் கடந்து கடைக்குள் நுழைகிறோம்.

வீடுகளில் பணிசெய்யும் நம் சகோதரிகளையும் மறக்கக் கூடாது. பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாதபடி மாதத்துக்கு ஒரு நாளாவது அவர்களுக்கு ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதி 2023 ஜனவரி முதல் தேதியில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. மாதத்தில் உறுதியாகக் கிடைக்கும் அந்த ஒரு நாள் அவர்களுக்கு எவ்வளவு விலையேறப்பெற்றது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் சிங்கப்பூர் சென்றது. அங்கே கட்டுமான வேலை செய்யும் தன் மகனுக்காக ஒரு தாய் அவர்களிடம் பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பினார். முறுக்கு, பருப்புப்பொடி, இரண்டு சட்டை. அந்தக் குடும்பத்தார் நல்லவர்கள். பொட்டலத்தைப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். கடைசி நாளோ கடைகளில் கழிந்துவிட்டது. ஆகவே பொட்டலத்தைத் தங்கும் விடுதியின் வரவேற்பறையில் கொடுத்துவிட்டு, அவருடைய மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்கள். வேலை முடிந்து இரவில் வந்து அந்த இளைஞர் பொட்டலத்தை எடுத்துச் சென்றார்.

பொருள் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது; குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாய் பின்னொரு நாளில் என்னிடம் சொன்னது இது: "ஐயா, எம் பையன் இளைச்சிருக்கானான்னு அவங்ககிட்டக் கேட்டேனுங்க. அவங்களுக்குத் தெரியலைங்க."

அவர் அனுப்பிய பொட்டலத்துக்குள் இருந்தது அந்தக் கேள்வி. கைபேசித் திரையில் மகனின் முகத்தை அவர் தினமும் பார்க்கிறார். ஆனாலும் திரைக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருப்பதாகவே சொல்லுவார்கள் என்பது தாய்மாருக்குத் தெரியும். எதிரில் அமர்ந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்து, கைகளைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்துத் திரும்பி வந்து சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அதற்குத் தேவை ஒரு மணி நேரம்.

இங்கேதான் எருசலேமிலிருந்து திரும்பிய அந்தக் கூட்டத்தின் எண்ணம் நமக்கும் வருகிறது. நம் ஊரிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் போகிறார்கள். யாராவது ஒருவர் போய்ப் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம். எல்லாரும் அப்படி நினைப்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை.

கப்பல் பயணக் காலத்தில் இந்த நிலை வேறாக இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட இராஜூலா என்னும் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழரை ஏற்றிச் சென்றது. அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம், 1985-ஆம் ஆண்டு தீவிபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. ஒரு வழிப் பயணமே ஏறக்குறைய ஒரு வாரம். அக்காலத்தில் ஊர் திரும்புகிறவர் தமக்காக மட்டும் திரும்பவில்லை. கடிதங்களையும் பணத்தையும் செய்திகளையும் பல வீடுகளுக்குச் சுமந்து வந்தார். இன்று பணம் ஒரு நொடியில் ஊர் வந்து சேர்கிறது. செய்தியும் அப்படியே. அவற்றைச் சுமக்கும் வேலை நமக்கு மிச்சமாகிவிட்டது; மனிதரைக் கண்டு வந்து சொல்லும் வேலை மட்டும் இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது.

உங்கள் உள்ளத்தில் எழும் கேள்விகள்

"ஐயா, ஆண்டு முழுவதும் உழைத்து ஐந்து நாள் ஓய்வுக்குப் போகிறோம். அதிலும் ஒரு நாளைக் கேட்கிறீர்களே" என்று சிலர் எண்ணலாம். ஓய்வு தேவன் கொடுத்தது. தம்முடைய சீஷர்கள் சாப்பிடவும் நேரமில்லாமல் இருந்தபோது தனியிடத்துக்குச் சென்று இளைப்பாறும்படி ஆண்டவரே சொன்னதை மாற்கு ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஐந்து நாளையும் நான் கேட்கவில்லை. ஒரு நாள் முழுவதையும்கூடக் கேட்கவில்லை. கடைசி நாளின் இரண்டு மணி நேரத்தைக் கேட்கிறேன். கடைக்குள் நிற்பதைவிடப் புல்வெளியில் அமர்ந்து பேசுவது களைத்த கால்களுக்கும் நல்லது.

"அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாதே" என்று சிலர் சொல்லலாம். பவுலுக்கும் தீருப் பட்டணத்தில் முகவரி தெரிந்திருந்ததாக எழுதியிருக்கவில்லை. புறப்படுமுன் இங்கே கேளுங்கள். உங்கள் தெருவில், தறிக்கூடத்தில், மளிகைக்கடையில் ஒரு வாரம் கேட்டால், மகனோ தம்பியோ மருமகனோ அங்கே இருக்கும் ஒரு வீடாவது கிடைக்கும். அவர்கள் நம் சபையாராக இருக்க வேண்டும் என்பது இல்லை. கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் ஊர்க்காரர் என்பதே போதும்.

"உழைப்பாளிகளைத் தேடிப்போய்ப் பார்ப்பது அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது ஆகாதா?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி, நாம் கவனமாய் இருக்க வேண்டிய இடம் இது. இரக்கம் காட்டப் போகாதீர்கள். அவரோடு படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அவருடைய சம்பளத்தை விசாரிக்காதீர்கள். எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று அவரையே கேட்டு, அவர் காட்டும் இடத்தில் அமருங்கள். அவர் தேநீர் வாங்கித் தர விரும்பினால் மறுக்காதீர்கள். அந்நகரத்தில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். நீங்கள் வந்து போகிறவர்கள். விருந்தளிக்கும் உரிமை அவருடையது.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தீருப் பட்டணத்துக் கடற்கரையில் பிள்ளைகளும் நின்றார்கள் என்பதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தன் சொந்தப் பிள்ளையைக் கையால் தொட்டு இரண்டு ஆண்டுகளான ஒரு தகப்பனுக்கு, நம் ஊர்த் தமிழில் "மாமா" என்று அழைக்கும் ஒரு சிறுகுரலைக் கேட்பது நீங்கள் கொண்டுபோகும் எந்தப் பொட்டலத்தையும்விடப் பெரியது. நீர்வீழ்ச்சியையும் பூங்காவையும் கட்டியவர்கள் யார் என்பதை உங்கள் பிள்ளைகளும் அன்று அறிந்துகொள்வார்கள். சுற்றுலாவில் அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடங்களில் இது சிறியதாக இராது.

சில நடைமுறை யோசனைகள்

பயணச்சீட்டு எடுக்கும்போதே, கூடுமானால், கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையும்படி பாருங்கள். வார நாளில் அவர்கள் வேலைத்தளத்தில் இருப்பார்கள். நீங்கள் விரும்பினாலும் பார்க்க முடியாது. கடைவீதி வேலையை அதற்கு முந்திய நாள் மாலையில் முடித்துவிடுங்கள். முஸ்தபா அங்காடி இரவு வெகுநேரம் திறந்திருக்கிறது. பிள்ளைகள் உறங்கியபின் பெரியவர்களில் ஒருவர் போய் வாங்கி வரலாம்.

ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் போங்கள். லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஷார்ட் வீதியில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஓஃபிர் சாலையில், 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயம் நிற்கிறது. கடல் கடந்து வந்த நம் மக்கள், தங்கள் மொழியில் ஜெபிக்க ஓரிடம் வேண்டும் என்று அந்நாட்களிலேயே வாஞ்சித்தார்கள் என்பதற்கு இவை சாட்சி. தமிழில் ஆராதித்துவிட்டு வெளியே வரும்போது, நீங்கள் தேடவேண்டிய சகோதரர் உங்கள் அருகிலேயே நிற்கவும் கூடும்.

போகும்போது நம் பெட்டிகள் பாதி காலியாகவே இருக்கின்றன. அதில் ஒரு சிறிய பவானி ஜமக்காளத்துக்கு இடம் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கைத்தறி அது. அதைவிட, அந்த இளைஞர் சிறுவயதில் படுத்து உறங்கிய வண்ணக்கோடுகள் அவை. வீட்டார் கொடுக்கும் பலகாரத்தையும் கொண்டுபோங்கள். இறைச்சி சேர்ந்தவற்றை மட்டும் தவிருங்கள். அந்நாட்டு விதி அனுமதிப்பதில்லை. ஜமக்காளத்தைப் புல்வெளியில் விரித்து, அவரோடு அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, அதை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

அறையைக் காலி செய்யுமுன் அதைச் சுத்தம் செய்யும் சகோதரியை நினையுங்கள். குப்பையை ஒரு பையில் சேர்த்து வைத்து, முடிந்தால் அவரைக் கண்டு நன்றி சொல்லிப் புறப்படுங்கள். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்பதை 2021 முதல் அந்நாடு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துகிறது. சட்டம் கேட்காத இடத்திலும் அவ்வாறே நடப்பது விருந்தாளியின் மரியாதை.

ஊர் வந்து சேர்ந்தபின் ஒரு கடமை மீதி இருக்கிறது. தைலமும் சாக்லேட்டும் பங்கிடுமுன், நீங்கள் கண்டு வந்தவரின் வீட்டுக்குப் போங்கள். உட்கார்ந்து, நிதானமாக, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறார் என்றும், இளைத்திருந்தால் இளைத்திருக்கிறார் என்றும் சொல்லுங்கள். உதவி தேவைப்படும் நிலையில் ஒருவரைக் கண்டால் என்னிடத்திலும் சொல்லுங்கள். சபையாக நாம் செய்யக்கூடியது இருக்கும்.

வழியனுப்பும் வீடுகளுக்கு

பயணம் போகாத வீடுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நம்மில் பலருக்குக் கடைசி நாள் என்பது மகனோ மகளோ விடுமுறை முடிந்து திரும்பிப் போகும் நாள். அந்நாளில் கோவையின் கடைகளில் பாதிப் பொழுதையும், பெட்டி கட்டுவதில் மீதியையும் செலவிடுகிறோம். விமான நிலைய வாசலில் கண்ணீரோடு ஐந்து நிமிடம் நிற்கிறோம். பிள்ளை என்ன கொண்டுபோகிறது என்று பார்க்கும் நேரத்தில் ஒரு பகுதியை, பிள்ளை என்ன சொல்ல விரும்புகிறது என்று கேட்பதற்கு ஒதுக்குங்கள். தீருப் பட்டணத்தார் பட்டணத்துக்கு வெளியே வரை நடந்து வந்தார்கள். அந்த நடையில் எத்தனை பேசியிருப்பார்கள்! நம் வீட்டிலும் அன்று ஒரு முறை எல்லாரும் சேர்ந்து முழங்காற்படியிடுவோம். அதன்பின் பெட்டியை மூடலாம்.

பிரியமானவர்களே, தீருப் பட்டணத்தில் இறங்கிய சரக்கு என்ன என்று லூக்கா எழுதவில்லை. அங்கே கண்டடைந்த மனிதரைப் பற்றியே எழுதினார். இந்த விடுமுறையில் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும், தாங்கள் கண்டடைந்த ஒருவரைப் பற்றி வந்து சொல்லும்படி எதிர்பார்த்திருக்கிறேன்.

ஜெபம்

எங்கள் பரலோக பிதாவே, எங்கள் போக்கையும் வரத்தையும் காத்துவருகிற உமக்கு ஸ்தோத்திரம். இந்த விடுமுறையில் பயணம் செய்யும் எங்கள் குடும்பங்களைச் சுகமாய் நடத்தும். தூர தேசத்தில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமும் நியாயமான கூலியும் நல்ல நண்பர்களும் தாரும். அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாரைத் தேற்றும். நாங்கள் கடந்து செல்லும் தெருக்களில் யாரைத் தேட வேண்டும் என்பதை எங்களுக்குக் காட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.